லீஸ் எண் முதலில், உற்பத்தி அப்புறம்: டெக்சாஸ் கனிம உரிமை வாரிசுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

நரிமணத்தில் எண்ணெய் எடுத்தால் ராயல்டி, அதாவது உற்பத்தியில் கனிம உரிமையாளரின் பங்கு, அரசுக்குப் போகும். வயல்காரருக்கு மேல்நிலத்துக்கான இழப்பீட்டோடு சரி. அமெரிக்காவில் நிலத்தடிக் கனிமம் தனியார் சொத்தாக இருக்கலாம். மேல்நிலத்தை விற்றுவிட்டுக் கீழே இருப்பதை மட்டும் வைத்துக்கொள்ளலாம், உயில் எழுதலாம், பிள்ளைகள் பங்கு பிரித்துக்கொள்ளலாம். டெக்சாஸில் தாத்தா பண்ணையை விற்றபோது பாதிக் கனிமத்தைத் தன் பெயரில் நிறுத்திக்கொண்டிருப்பார். பேரப்பிள்ளைகளுக்கு அது தெரியவே தெரியாது. அப்படிப்பட்ட குடும்பத்தில் சம்பந்தம் செய்த நம்மவர்கள் வீட்டுக்கும் ஒரு நாள் ஏதோ எண்ணெய் கம்பெனியிடமிருந்து செக் வைத்த உறை வரும். உடனே இணையத்தில் கிணற்றைத் தேடுவார்கள். ஒன்றும் கிடைக்காது, அல்லது கிடைப்பது செக்கோடு ஒத்துப்போகாது. "கம்பெனி ஏமாற்றுகிறது" என்ற முடிவுக்கு அன்று மாலையே வந்துவிடுவார்கள்.

ஏமாற்றுவது இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் என்னிடம் வருகிற சந்தேகங்களில் பெரும்பாலானவை கிணற்றைப் பற்றியவையே அல்ல. தப்பான எண், தப்பான மாதம், தப்பான அளவு, இந்த மூன்றில் ஒன்று. அதனால் பீப்பாய்க் கணக்கைப் பார்க்கும் முன் எண்ணை உறுதிசெய்யுங்கள். கீழே இருப்பது டெக்சாஸ் கணக்கு. மற்ற மாநிலங்களைக் கடைசியில் தொடுகிறேன்.

டெக்சாஸில் எண்ணெய், வாயுப் பதிவுகளை வைத்திருப்பது ரெயில்ரோடு கமிஷன். 1891இல் ரயில்வேக்காகத் தொடங்கியது. இன்று ரயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆபரேட்டர்கள், அதாவது கிணற்றை நடத்தும் கம்பெனிகள், மாதாமாதம் அங்கே உற்பத்தி அறிக்கை கொடுக்க வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் இணையத்தில் பார்க்கலாம்.

அறிகுறி: குடும்பப் பெயரைப் போட்டுத் தேடினால் எதுவும் வரவில்லை

வராது. கமிஷனிடம் ராயல்டிதாரர்களின் பெயர்ப் பட்டியல் கிடையாது. அங்கே இருப்பது ஆபரேட்டர் பெயர், லீஸ் (எண்ணெய் எடுக்கக் கம்பெனிக்குக் கொடுத்த குத்தகை) பெயர், கிணற்று எண். தாத்தா பெயரில் லீஸ் இருந்தாலும் அது நில உரிமையாளர் பெயரைப் பார்த்துக் கம்பெனி சூட்டிய பெயர்தான், உரிமைக்குச் சான்றல்ல.

பெயரை வைத்துத் தேட மூன்று இடங்கள் உண்டு. முதலாவது கவுண்டி (மாநிலத்துக்குள் உள்ள நிர்வாகப் பகுதி) கிளார்க் அலுவலகம். டீடு (கிரயப் பத்திரம்), லீஸ் ஒப்பந்தம், உயில் நகல் எல்லாம் விற்றவர், வாங்கியவர் பெயர் வாரியாக அங்கே பதிவாகியிருக்கும். இரண்டாவது கவுண்டியின் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட், அதாவது சொத்து மதிப்பீட்டு அலுவலகம். உற்பத்தியில் இருக்கிற கனிமப் பங்குக்கு டெக்சாஸில் சொத்து வரி உண்டு என்பதால், வரிப் பட்டியலில் உரிமையாளர் பெயர், லீஸ் பெயர், பங்கின் தசம எண் மூன்றும் ஒரே வரியில் கிடைக்கும். பல கவுண்டிகளில் கமிஷனின் லீஸ் எண்ணும் பக்கத்திலேயே இருக்கும். வாரிசுகளுக்கு இதைவிடச் சுருக்கமான வழி வேறில்லை. ஏனோ பலர் இதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள். மிகச் சிறிய மதிப்புள்ள பங்குகளுக்கு வரிவிலக்கு உண்டு, அதனால் பட்டியலில் பெயர் இல்லையென்றால் பங்கே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மூன்றாவது மாநில வரி, கணக்கு அதிகாரியான கம்ப்ட்ரோலரின் கோரப்படாத சொத்துப் பட்டியல். அதைப் பற்றிப் பின்னால்.

இறந்தவர் பெயரின் எல்லா வடிவங்களிலும் தேடுங்கள். முதலெழுத்து மட்டும், கணவர் பெயரோடு "மிசஸ்", "எஸ்டேட் ஆஃப்", மறுமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர். 1930களின் டீடுகளில் மனைவிக்குத் தனிப் பெயரே இல்லாமல் இருப்பதும் உண்டு.

அறிகுறி: பழைய டீடு மட்டும் இருக்கிறது, கிணறு எதுவென்று தெரியவில்லை

டீடில் நிலத்தை விவரிக்கும் பத்தியைப் பாருங்கள். டெக்சாஸ் நிலம் அமெரிக்காவின் பல மாநிலங்களைப் போல டவுன்ஷிப், ரேஞ்ச் என்ற கட்டத்தில் அடங்காது. ஸ்பெயின், மெக்சிகோ, டெக்சாஸ் குடியரசு, பிறகு மாநிலம் என்று யார் யாரோ கொடுத்த பட்டயங்கள் மேல் கட்டப்பட்டது. அதனால் "இன்னார் சர்வே, அப்ஸ்ட்ராக்ட் எண் இத்தனை" என்று இருக்கும்; அந்தப் பட்டய நிலத்துக்குக் கவுண்டியில் உள்ள எண் அது. மேற்கே போனால் ரயில்வே கம்பெனிகளுக்குக் கொடுத்த நிலம். அங்கே பிளாக், செக்ஷன் எண்கள் வரும். பழைய டீடுகளில் தூரம் வாராவில் இருக்கும்; டெக்சாஸ் வாரா ஒன்றுக்கு 33⅓ அங்குலம்.

கவுண்டி பெயரும் அப்ஸ்ட்ராக்ட் எண்ணும் கிடைத்துவிட்டால் கமிஷனின் பொது வரைபடத்தில் அந்தச் சர்வேயைப் பிடித்துவிடலாம். அதில் கிணறுகள் புள்ளிகளாகத் தெரியும். தட்டினால் கிணற்றின் அடையாள எண்ணான ஏபிஐ எண் வரும். டெக்சாஸ் கிணறுகளுக்கு அது 42 என்று தொடங்கும், அடுத்த மூன்று இலக்கம் கவுண்டி: மிட்லண்டுக்கு 329, கார்ன்ஸுக்கு 255. அதற்கடுத்த ஐந்து இலக்கம் அந்தக் கிணற்றுக்கே உரியது. ஆபரேட்டர் மாறலாம், லீஸ் பெயர் மாறலாம், ஏபிஐ எண் மாறாது. அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நிலத்துக்குள் புள்ளியே இல்லையென்று விட்டுவிட வேண்டாம். பெர்மியன், ஈகிள் ஃபோர்டு போன்ற டெக்சாஸ் எண்ணெய்ப் பகுதிகளில் இன்று தோண்டுவது பக்கவாட்டுக் கிணறு. மேலே துளையிடும் இடம் ஒரு மைல், இரண்டு மைல் தள்ளி வேறொருவர் நிலத்தில் இருக்கும். குழாய் மட்டும் உங்கள் நிலத்தடியில் ஓடும். வரைபடத்தில் மேல்முனையையும் அடிமுனையையும் இணைக்கிற கோட்டைத்தான் பார்க்க வேண்டும். கோடுகூட உங்கள் நிலத்தைத் தொடாமல், நிலம் ஒரு பூல் செய்யப்பட்ட (பல நிலத்துண்டுகளை ஒன்றாகச் சேர்த்த) யூனிட்டுக்குள் இருந்தாலே பங்கு உண்டு. யூனிட் அறிவிப்பு கவுண்டி கிளார்க்கிடம் பதிவாகும். கமிஷனில் பி-12 என்ற படிவத்தில் எந்தெந்த நிலத்துண்டு சேர்ந்தது என்று இருக்கும்.

அறிகுறி: லீஸ் எண்ணைப் போட்டால் சம்பந்தமில்லாத ஊர் வருகிறது

மூன்று காரணங்கள். இந்த வரிசையில் பாருங்கள்.

செக்கோடு வரும் ஸ்டப் எனும் கணக்குச் சீட்டில் "பிராப்பர்ட்டி நம்பர்" என்று இருப்பது கம்பெனியின் உள் கணக்கு எண். கமிஷனுக்கு அது தெரியாது. பெரும்பாலான குழப்பம் இங்கேதான்.

இரண்டாவது, கமிஷன் மாநிலத்தை மாவட்டங்களாகப் பிரித்திருக்கிறது. எண்ணெய் லீஸ் எண் அந்த மாவட்டத்துக்குள் மட்டுமே தனித்தது. ஊர் பெயர் இல்லாத சர்வே எண் போலத்தான், தனியே நின்றால் பயனில்லை. மிட்லண்ட் கவுண்டி 08, கார்ன்ஸ் 02. இந்த 08-உம் 8ஏ என்பதும் வேறு வேறு மாவட்டங்கள். 7பி, 7சி-யும் அப்படியே. ஆகவே மாவட்டமும் லீஸ் எண்ணும் சேர்ந்ததுதான் முகவரி.

மூன்றாவது, எண்ணெய் லீஸுக்கு ஐந்து இலக்கம், வாயுக் கிணற்றுக்கு ஆறு இலக்கம். தேடுமிடத்தில் எண்ணெயா வாயுவா என்று மாற்றித் தேர்ந்தெடுத்திருந்தால் தப்பான பதில்தான் வரும். ஐந்து இலக்கம் வரவில்லையென்றால் முன்னால் சுழியம் சேருங்கள்.

அறிகுறி: கிணற்று வாரியாக வேண்டும், லீஸ் மொத்தம் மட்டுமே வருகிறது

இது பிழையல்ல. டெக்சாஸில் எண்ணெய் உற்பத்தி லீஸ் வாரியாகத்தான் அறிக்கையாகிறது, வாயு கிணறு வாரியாக. ஒரு எண்ணெய் லீஸில் பன்னிரண்டு கிணறு இருந்தால் பன்னிரண்டும் சேர்ந்து ஒரே எண். தனியார் இணையச் சேவைகள் கிணறு வாரியாக அழகான வரைபடம் காட்டுகின்றனவே என்று கேட்பீர்கள். அது கிணற்றுச் சோதனை அளவுகளை வைத்து மொத்தத்தைப் பங்கிட்ட மதிப்பீடு, அளந்த எண்ணல்ல. போக்கைப் பார்க்கப் பயன்படும், வழக்காட உதவாது.

இன்னொன்று. எண்ணெய்க் கிணற்றோடு வரும் வாயு "கேசிங்ஹெட்" என்ற நெடுவரிசையில் இருக்கும். வாயுக் கிணற்றோடு வரும் திரவம் "காண்டென்சேட்" என்று இருக்கும். "எங்கள் கிணற்றில் வாயுவே இல்லையாம்" என்பவர்கள் பக்கத்து நெடுவரிசையையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

அறிகுறி: உற்பத்தி ஒரு மாதத்தோடு நின்றுபோயிருக்கிறது

எந்த மாதம் என்பதைப் பொறுத்து மருந்து மாறும்.

நின்றது கடைசி இரண்டு மாதமென்றால் பொறுங்கள். ஒரு மாத உற்பத்திக்கான அறிக்கையை அடுத்த மாத இறுதிவரை கொடுக்கலாம். அது இணையத்தில் ஏறவும் நாள் பிடிக்கும்.

பதிவு ஆரம்பிப்பதே 1993 ஜனவரி என்றால், கிணறு அன்றுதான் பிறந்தது என்று அர்த்தமில்லை. இணையத் தேடலில் மாதக் கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தையது மைக்ரோஃபில்மிலும் பழைய பேரேடுகளிலும் இருக்கிறது. ஆஸ்டினில் உள்ள கமிஷன் ஆவணப் பிரிவைக் கேட்க வேண்டும். சொத்துப் பிரிவினைக்கோ வழக்குக்கோ தேவை இருந்தால் ஒழிய அந்த வேலையில் இறங்காதீர்கள்.

நடுவில் நின்றிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது: அங்கே இருப்பது சுழியமா, "நோ ரிப்போர்ட்" என்பதன் சுருக்கமா? சுழியம் என்றால் ஆபரேட்டர் "எதுவும் வரவில்லை" என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். நோ ரிப்போர்ட் என்றால் அறிக்கையே வரவில்லை. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு சராசரி போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எக்செலில் இறக்கினால் இரண்டும் வெற்றுக் கட்டமாகவோ சுழியமாகவோ மாறிவிட வாய்ப்புண்டு, கவனம்.

சுழியம் தொடங்கிய அதே மாதத்தில் பக்கத்தில் புதிதாக ஒரு வாயுக் கிணறு முளைத்திருக்கிறதா என்று ஏபிஐ எண் வழியாகத் தேடுங்கள். ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு 1,00,000 கன அடி அல்லது அதற்கு மேல் வாயு வந்தால் டெக்சாஸில் அது வாயுக் கிணறு. எண்ணெய் வற்றிக்கொண்டு வரும் கிணறு அந்த வகைக்கு மாற்றப்பட்டால் பழைய லீஸ் எண் ஓய்ந்துவிடும், ஆறு இலக்கப் புது எண்ணில் வாழ்க்கை தொடரும். வாரிசு பழைய எண்ணையே பார்த்துக்கொண்டு "கிணறு செத்துவிட்டது" என்று நம்பிக்கொண்டிருப்பார்.

ஆபரேட்டர் கைமாறியிருந்தால் பி-4 படிவத்தில் தெரியும். கைமாறுவதால் லீஸ் எண் மாறாது. ஆனால் பணம் கொடுப்பவர் மாறுவார், பழைய கம்பெனியின் முகவரிப் பட்டியலில் இருந்த உங்கள் வீட்டு எண் புதிய கம்பெனிக்குப் போகாமல் இருக்கும். கிணறு மூடப்பட்டிருந்தால் டபிள்யூ-3 என்ற அடைப்புப் படிவம் இருக்கும். அது இருந்தால் அந்தக் கிணற்றின் கதை முடிந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். டெக்சாஸ் லீஸ்கள் பெரும்பாலும் "உற்பத்தி இருக்கும்வரை" செல்லும். உற்பத்தி நின்றால் 60 நாளோ 90 நாளோ, ஒப்பந்தத்தில் எழுதிய அவகாசத்துக்குள் மறுபடி ஆரம்பிக்காவிட்டால் லீஸ் முடிந்துபோகலாம். வாயுக் கிணற்றை மூடி வைத்திருந்தால் "ஷட்-இன்" தொகை கட்டி லீஸைக் காப்பாற்றிக்கொள்ளும் விதியும் இருக்கும். அப்படியானால் அந்த இடைவெளி உங்களுக்கு இழப்பாக மட்டும் இருக்க வேண்டியதில்லை: எட்டில் ஒரு பங்கு ராயல்டி தந்த பழைய லீஸ் ஒழிந்து, நாலில் ஒரு பங்குக்குப் புதிதாக லீஸ் கொடுக்கும் உரிமை திரும்பியிருக்கலாம். மாதவாரிப் பட்டியலை இறக்கி, லீஸ் நகலோடு ஒரு எண்ணெய்-வாயு வக்கீலிடம் கொடுங்கள். ஒரு மாதச் சுழியத்தை வைத்து நீங்களே முடிவெடுக்க வேண்டாம்.

அறிகுறி: ஸ்டப்பில் இருக்கும் அளவும் கமிஷன் அளவும் ஒத்துப்போகவில்லை

நிறையப் பேர் கோபத்தோடு வருவது இதற்குத்தான். அச்சு அசலாக ஒத்துப்போக வேண்டும் என்ற எதிர்பார்ப்பே தப்பு. கமிஷனில் இருப்பது உற்பத்தி, செக் விற்பனைக்கு.

எண்ணெயை எடுத்துக்கொள்வோம். கிணற்றிலிருந்து தொட்டிக்கு வருகிறது, லாரியோ குழாயோ எடுத்துப்போகும்போதுதான் விற்பனை. ஜனவரி கடைசி வாரம் வந்தது பிப்ரவரியில் விற்கப்படலாம். ஆகவே ஒரு மாதத்தை ஒரு மாதத்தோடு ஒப்பிடாமல், பன்னிரண்டு மாதத்தைக் கூட்டி ஒப்பிடுங்கள். மாதக் கடைசியில் தொட்டியில் இருந்த கையிருப்பும் அறிக்கையில் இருக்கும். வருடக் கூட்டுத்தொகை நெருங்கி வந்தால் பிரச்சினை இல்லை.

வாயுவில் வித்தியாசம் பெரிதாக இருக்கும், அதுவும் நியாயமாகவே. ஒரு பகுதி லீஸிலேயே இயந்திரம் ஓட்ட எரிபொருளாகப் போகும். ஒரு பகுதி எரித்துவிடப்படும். கமிஷன் பதிவில் வாயு எங்கே போனது என்பதற்குக் குறியீடு உண்டு, 4 என்றால் வெளியே விட்டது அல்லது எரித்தது. பாக்கி சுத்திகரிப்பு ஆலைக்குப் போய் ஈத்தேன், புரொப்பேன் போன்ற திரவங்கள் பிரிந்த பிறகு மிச்சம்தான் வாயுவாக விற்கப்படுகிறது. ஸ்டப்பில் வாயு ஒரு வரியிலும் திரவம் தனி வரியிலும், திரவம் சில நேரம் கேலனிலும் வரும்.

அலகையும் பாருங்கள். கமிஷன் எம்சிஎஃப்பில், அதாவது ஆயிரம் கன அடியில் சொல்லும், 14.65 பவுண்டு அழுத்தத்தில். கம்பெனி எம்எம்பிடியு (பத்து லட்சம் பிடியு) என்ற வெப்ப அளவில் விலை போடும். கன அடிக்கு 1,200 பிடியு உள்ள கனமான வாயு என்றால் ஒரு எம்சிஎஃப் 1.2 எம்எம்பிடியு. எண்ணெயும் வாயுவும் ஒரே செக்கில் வந்தாலும் ஒரே மாதத்துக்கானவை அல்ல. எண்ணெய்க் கணக்கு முந்திக்கொள்ளும், வாயு பின்தங்கும். ஸ்டப்பில் ஒவ்வொரு வரியிலும் உற்பத்தி மாதம் இருக்கும், செக் தேதியைப் பார்க்காதீர்கள். கழித்தல் குறியோடு வரும் வரிகள் பழைய மாதத் திருத்தங்கள்: பழையதை முழுதும் கழித்துவிட்டுப் புதிதாகக் கூட்டியிருப்பார்கள்.

சரி, இத்தனையும் பார்த்த பிறகும் வருடக் கணக்கில் பெரிய இடைவெளி இருந்தால்? கம்ப்ட்ரோலர் அலுவலகத்தின் உற்பத்தி வரிப் பதிவைப் பாருங்கள். அதே லீஸுக்குக் கம்பெனி எவ்வளவு விற்றதாக, எவ்வளவு மதிப்புக்கு விற்றதாக வரி கட்டியது என்று அங்கே தெரியும். கமிஷன், கம்ப்ட்ரோலர், ஸ்டப் மூன்றில் இரண்டு ஒத்துப்போய் ஸ்டப் மட்டும் விலகி நின்றால் உங்கள் கேள்விக்கு அடித்தளம் கிடைத்துவிட்டது.

அறிகுறி: அளவு சரி, ஆனால் பணம் குறைவு

தசம எண்ணைச் சரிபாருங்கள். உதாரணத்துக்குத் தாத்தாவின் 80 ஏக்கர். மேல்நிலத்தை விற்றபோது கனிமத்தில் பாதியை வைத்துக்கொண்டார், ஆக 40 கனிம ஏக்கர். நாலு பிள்ளைகள், தலைக்கு 10. உங்கள் வீட்டில் இரண்டு பேர், உங்களுக்கு 5. நிலம் 640 ஏக்கர் யூனிட்டில் இருக்கிறது, லீஸ் ராயல்டி நாலில் ஒன்று. 5-ஐ 640-ஆல் வகுத்து 0.25-ஆல் பெருக்கினால் 0.001953125. உங்கள் பங்கைக் குறித்துக் கம்பெனி அனுப்பும் டிவிஷன் ஆர்டர் என்ற தாளில் இந்த எண்தான் இருக்க வேண்டும். 0.0009765625 என்று இருந்தால் யாரோ ராயல்டியை எட்டில் ஒன்றாகப் போட்டிருக்கிறார்கள், அல்லது ஒரு தலைமுறையில் உங்கள் பங்கைப் பாதியாக்கியிருக்கிறார்கள். தசமத்தை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் கம்பெனி உங்களுக்கு எத்தனை ஏக்கர் என்று நினைக்கிறது என்பது வெளிவந்துவிடும். நில உரிமையின் தொடர்ச்சியைக் காட்டும் டைட்டில் அறிக்கையைக் கேட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட இது எளிது.

லீஸ் மாதம் 10,000 பீப்பாய் விற்றால் மேலே சொன்ன பங்குக்கு 19.53 பீப்பாய். பீப்பாய் 70 டாலர் என்று வைத்தால் சுமார் 1,367 டாலர். டெக்சாஸ் எண்ணெய் வரி 4.6 சதவீதம் போனால் 1,304. வாயுவுக்கு வரி 7.5 சதவீதம். லீஸ் மொத்தத்தையும் உங்கள் பங்கையும் ஸ்டப்பில் பக்கம் பக்கமாகப் போடுவார்கள். மொத்த மதிப்பைத் தன் பணம் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு.

வரிக்கு மேல் இன்னும் கழிவு இருந்தால் அது சேகரிப்பு, அழுத்தமேற்றல், சுத்திகரிப்பு, போக்குவரத்துச் செலவு. கழிக்கலாமா கூடாதா என்பது லீஸில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. "செலவு எதுவும் கழிக்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறதே என்று நிம்மதியாகவும் இருக்க முடியாது: 1996இல் ஹெரிடேஜ் ரிசோர்சஸ் வழக்கில் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், கிணற்றடிச் சந்தை மதிப்பில் ராயல்டி என்று எழுதிவிட்டுக் கூடவே கழிவு கூடாது என்று எழுதியதற்குப் பலனில்லை என்று சொல்லிவிட்டது. லீஸ் நகலில் "கிணற்றடியில்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அறிகுறி: உற்பத்தி ஓடுகிறது, பணமே வரவில்லை

புதுக் கிணறு என்றால் முதல் விற்பனை நடந்த மாத முடிவிலிருந்து 120 நாள்வரை அவகாசம் உண்டு. அதன் பிறகு எண்ணெய்க்கு 60 நாள், வாயுவுக்கு 90 நாள். சேர்ந்த தொகை 100 டாலரை எட்டாவிட்டால் வருடத்துக்கு ஒருமுறை கொடுத்தால் போதும். சின்னப் பங்குக்காரர்களுக்கு மாதாமாதம் செக் வராததற்கு இதுவே காரணம்.

அதையும் தாண்டினால் பணம் சஸ்பென்ஸில், அதாவது கம்பெனியிடமே நிறுத்திவைக்கப்பட்டு, இருக்கிறது. உரிமையாளர் இறந்துவிட்டார், வாரிசு யாரென்று கம்பெனிக்குத் தெரியாது, அல்லது முகவரி தப்பு. இறப்புச் சான்றிதழை மட்டும் அனுப்பினால் நகராது. உயில் இருந்தால் அது டெக்சாஸ் கவுண்டியில் பதிவாக வேண்டும். உயில் இல்லாவிட்டால் பல கம்பெனிகள் வாரிசு அஃபிடவிட்டை ஏற்கும். தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழ் போல இதை அரசு கொடுப்பதில்லை. குடும்பத்தை நன்கு அறிந்த, சொத்தில் பங்கில்லாத சாட்சிகள் நோட்டரி முன் சத்தியம் செய்து, நிலம் இருக்கும் கவுண்டியில் பதிவாக வேண்டும். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒன்று. பாட்டிக்கு அஃபிடவிட் இல்லாமல் அம்மாவுக்கு மட்டும் கொடுத்தால் சங்கிலி நடுவில் அறுந்து நிற்கும், பணமும் நிற்கும்.

கம்பெனியிடம் மூன்று ஆண்டு கேட்பாரற்றுக் கிடந்த கனிமப் பணம் கம்ப்ட்ரோலருக்குப் போய்விடும். அங்கே போனது தொலைந்ததல்ல, எத்தனை வருடம் கழித்தும் கேட்கலாம். பட்டியலில் பெயர் கிடைத்தால் பணம் அனுப்பிய கம்பெனியின் பெயரும் கிடைக்கும். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு இன்று அந்த லீஸை யார் நடத்துகிறார் என்று கமிஷனில் பின்தொடரலாம். கிணறு எதுவென்றே தெரியாதவர்களுக்கு இது நல்ல நுனி.

தொலைபேசியில் கெஞ்சிக்கொண்டிருக்காதீர்கள். செக் வந்து கணக்குப் புரியவில்லையென்றால் சான்றளிக்கப்பட்ட அஞ்சலில் கேள்வியை எழுதுங்கள்: மாவட்டம், லீஸ் எண், மாதம், நீங்கள் கண்ட வித்தியாசம். டெக்சாஸ் சட்டப்படி 30 நாளுக்குள் அவர்களும் சான்றளிக்கப்பட்ட அஞ்சலில் பதில் தர வேண்டும். கொடுபடாத ராயல்டிக்கு வழக்குப் போட பொதுவாக நாலு வருடம்தான். அதனால் மின்னஞ்சல் பரிமாற்றத்திலேயே காலம் போகவிடாதீர்கள். நடுவில் "உங்கள் கனிம உரிமையை நல்ல விலைக்கு வாங்கிக்கொள்கிறோம்" என்று கடிதம் வந்தால், உங்கள் நிலத்துக்கருகில் டபிள்யூ-1 என்ற துளையிடும் அனுமதி புதிதாகப் பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

அறிகுறி: நிலம் டெக்சாஸில் இல்லை

ஓக்லஹோமாவில் துளையிடும் காகிதங்கள் கார்ப்பரேஷன் கமிஷனிடம், உற்பத்தி அளவு வரி கமிஷனிடம். ஒன்றில் கிணறு இருக்கும், மற்றதில் கணக்கு இருக்கும். இரண்டையும் இணைப்பது பியுஎன் எனும் உற்பத்தி யூனிட் எண். வடக்கு டகோட்டாவில் கிணறு வாரியாகவே கிடைக்கும், ஆனால் புதுக் கிணறு ஆறு மாதம்வரை ரகசியப் பட்டியலில் இருக்கலாம்; அதுவரை விவரம் வெறுமையாகத் தெரியும். பென்சில்வேனியாவில் மார்செல்லஸ் போன்ற ஷேல் கிணறுகளுக்கு மாதாந்திர அறிக்கை, பழைய மரபுக் கிணறுகளுக்கு ஆண்டுக்கு ஒன்று.

லூசியானாதான் விவகாரமானது. அங்கே ஆங்கிலேயச் சட்ட மரபல்ல, ஐரோப்பிய சிவில் சட்ட மரபு. நிலத்திலிருந்து பிரித்த கனிம உரிமை, பத்து ஆண்டு பயன்படுத்தாமல் கிடந்தால் நிலத்துக்காரரிடமே திரும்பிவிடும். பக்கத்து நிலத்தில் இருக்கும் யூனிட் கிணற்றின் உற்பத்தி உங்கள் நிலத்தில் யூனிட்டுக்குள் விழுந்த பகுதிக்கு மட்டுமே உயிர் கொடுக்கும், வெளியே இருக்கும் பகுதிக்குக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் லூசியானா வாரிசு பணத்தைத் தேடும் முன் தேதியைத் தேட வேண்டும். சோன்ரிஸ் என்ற மாநில இணையத்தளத்தில் கிணற்றின் சீரியல் எண்ணைப் போட்டு, கடைசியாக உற்பத்தி பதிவான மாதத்தையும், அதற்குப் பின் துளையிடும் முயற்சி ஏதாவது நடந்ததா என்பதையும் எடுங்கள். யூனிட் வரைபடத்தையும் இறக்கிக்கொள்ளுங்கள். வக்கீல் முதலில் கேட்கப்போவது அந்த இரண்டும்தான்.